மாமரப் பாடு

எங்கள் வீட்டில் ஒரு பொருளுக்கு வைத்திருக்கும் பெயரை நம்பி எந்த வேலையிலும் இறங்கக் கூடாது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது கட்டிய அறைக்கு இன்றைக்கும் 'புது ரூம்' என்றுதான் பெயர். அதன் கூரை ஒழுகி, பூசி, மறுபடி ஒழுகி ஆயிற்று. அம்மா 'சின்ன டப்பா' என்று சொல்வது வீட்டிலேயே பெரிய டப்பா. (அதைவிடப் பெரியது ஒன்று இருந்ததாம். அது துருப்பிடித்துப் போன பிறகும் இதற்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை.) சித்தப்பாவின் 'ஓடாத வண்டி'யில்தான் சித்தப்பா தினமும் ஆரம்பாக்கம் போய்வருகிறார்.

இதெல்லாம் தெரிந்தே வளர்ந்தவள் நான். போதாததற்கு, வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பொருளைப் பார்த்து இது தேறும், இது தேறாது என்று சொல்வதுதான் என் வேலை. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஏதோ அவசரத்தில் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. முறையாகப் பரிசோதித்து, திருப்தி அடைந்து, அதன் பிறகே செய்தேன்.

எல்லாம் ஒரு மரங்கொத்தியில் ஆரம்பித்தது.

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் மண்ணை நாக்கில் வைத்தால் கரிக்கும். முருங்கை வரும், வேம்பு வரும், தென்னை வேறு வழியில்லாமல் வரும். மாமரம் வராது. ஆனாலும் அம்மா ஒரு மாமரத்தை வளர்த்துவிட்டாள். லாரியில் வரும் நல்ல தண்ணீரில் முதல் குடம் மரத்துக்கு, இரண்டாவது குடம்தான் எங்களுக்கு. மரம் ஒன்றும் ஓங்கி உயர்ந்துவிடவில்லை. தவறான ரயில் நிலையத்தில் இறங்கிவிட்டவர் மாதிரி கொஞ்சம் குழப்பத்தோடுதான் நின்றது. ஆனால் காய்த்தது. மடவை மீன் குழம்பில் அந்த மாங்காய் இரண்டு துண்டு விழுந்தால் பக்கத்துத் தெருவிலிருந்து கிண்ணத்தோடு ஆள் வரும். அம்மாவுக்கு ஊரில் இருந்த மரியாதையில் பாதி அந்த மரத்துடையது.

அதில்தான் அந்தப் பறவை வந்து உட்கார்ந்தது. தலையில் சிவப்புக் கொண்டை. முதுகில் தங்கத்தைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி ஒரு மினுமினுப்பு. பார்க்க அழகுதான். விடிந்ததும் டொக் டொக் டொக் என்று அது ஆரம்பிக்கும்போது அழகெல்லாம் காணாமல் போய்விடும். பெரிய கிளை ஒன்றில் வரிசையாக ஓட்டை விழுந்தது. அம்மா அந்த ஓட்டைகளில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினாள். பறவை அதைச் சுத்தமாக எடுத்துவிட்டு மேலே கொத்தியது.

"இன்ஜினீருக்குப் படிச்சிகீற. ஒரு குருவிய வெரட்டத் தெரியல. இன்னாத்துக்கு அந்த காலேஜு?" என்று அம்மா கேட்டாள்.

(கல்லூரியில் மரங்கொத்தி பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.)

எந்தச் சிக்கலையும் எண் போட்டுப் பிரித்துவிட்டால் பாதி தீர்ந்த மாதிரி என்று நம்புகிறவள் நான். ஆகவே பிரித்தேன். ஒன்று, பயமுறுத்துவது. இரண்டு, தடுப்பது. மூன்று, கெஞ்சுவது. மூன்றாவதை அம்மா ஏற்கெனவே செய்துகொண்டிருந்தாள். நான் ஒன்றிலிருந்து தொடங்கினேன். பழைய சி.டி.க்களை நூலில் கட்டிக் கிளைகளில் தொங்கவிட்டேன். வெயில் பட்டு அவை சுழன்று மின்னின. மரங்கொத்தி ஒருநாள் தள்ளி உட்கார்ந்து கவனித்தது. மறுநாள் அதில் முகம் பார்த்துக்கொண்டே கொத்தியது. பயந்துபோனது சித்தி மட்டும்தான். தொங்கியதில் ஒன்று அவளுடைய கல்யாண சி.டி. அடுத்து, கிளையைச் சாக்கால் சுற்றிக் கட்டினேன். அது சாக்கையும் சேர்த்துக் கொத்தியது. கூடுகட்டவோ என்னவோ, அதிலிருந்து நார் பிய்த்துக்கொண்டு ஒரு காகமும் கூடுதலாக வர ஆரம்பித்தது.

மிச்சமிருந்தது வலை. மரத்தைச் சுற்றி வலையைப் போர்த்திவிட்டால் பறவையால் பட்டையில் கால் ஊன்ற முடியாது. கால் ஊன்ற முடியாவிட்டால் கொத்த முடியாது. தர்க்கத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் நைனாவிடம், அதாவது அப்பாவிடம், கேட்டேன்.

"நைனா, மரத்துக்குப் போட ஒரு வலை வேணும்."

நைனா கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "பழசு ஒண்ணு கொட்டாயில கீது, எடுத்துக்கோ. புதுச மட்டும் தொட்டுடாத. நாளைக்குப் பாடு."

இந்தப் 'பாடு' என்ன என்று சொல்லிவிட வேண்டும். ஏரியில் வலை கட்டுகிற ஒவ்வொரு இடமும் ஒரு பாடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். யார் எந்த நாளில் எங்கே கட்டுவது என்று கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அந்த வருஷம் முழுக்க நைனாவுக்குச் சேறும் பாசியும் கிடைக்கிற இடங்களாகவே விழுந்துகொண்டிருந்தன. எங்கள் படகு இன்ஜின் பழுதாகி எளாவூர் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. நைனாவும் சித்தப்பாவும் கழி ஊன்றித் தள்ளித்தான் படகை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி இருக்கையில் இருப்பதிலேயே நல்ல இடமான கொக்குமேட்டுப் பாடு கடைசியாக நைனாவுக்கு விழுந்தது. அது மறுபடி சுற்றி வர மாதக்கணக்காகும். இன்ஜின் வீட்டுக்கு வருவது அந்த ஒருநாளை நம்பித்தான் இருந்தது.

அதற்கு ஒரு விதி உண்டு. கடலோடு சேர்ந்து ஏரித் தண்ணீரும் தினமும் வற்றும், ஏறும்; வற்றுவது நின்று, மறுபடி ஏறத் திரும்புவதற்குள் வலைக்கான முதல் கழியை நட்டுவிட வேண்டும். நடாவிட்டால் அன்றைய பாடு வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். சண்டை கிடையாது, சமாதானம் கிடையாது. அடுத்தவர் தேசிங்கு மாமா, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவர் படகில் இன்ஜின் இருந்தது. நன்றாகவே ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை நைனாவும் சித்தப்பாவும் கழிகளைத் தூக்கிக்கொண்டு படகைத் தயார் செய்யக் கரைக்குப் போய்விட்டார்கள். வலையை மட்டும் பிறகு வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. நான் கொட்டகைக்குள் போனேன்.

இரண்டு வலைகள் இருந்தன. ஒன்று நீல நைலான். மடிப்புக் கலையவில்லை, கடை வாசனைகூட முழுசாகப் போகவில்லை. மற்றது வெளுத்துப்போய், எந்த நிறம் என்று சொல்ல முடியாத நிறத்தில், பச்சை நூலிலும் சிவப்பு நூலிலும் கண்ட இடமெல்லாம் ஒட்டுப்போட்டு இருந்தது. கண்ணால் பார்த்தேன். கையால் தடவினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். தொழிற்சாலையில் செய்வதையெல்லாம் செய்தேன். சந்தேகத்துக்கே இடமில்லை. வெளுத்ததை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நல்ல வேலைக்காரி என்று என்னை நானே சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வேலை செய்தேன். மரத்தைச் சுற்றிச் சுற்றி வலையைப் போர்த்தினேன். கொத்து வாங்கிய பெரிய கிளைக்கு மட்டும் இரண்டு சுற்று அதிகம். அதன் கொப்புகளுக்கு நடுவே இழுத்து, முறுக்கி, பார்த்த இடத்திலெல்லாம் முடிச்சுப் போட்டேன். சின்ன வயதில் நைனா கற்றுக்கொடுத்த முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். இறுகினால் இறுகியதுதான்.

அடியில் மட்டும் வலை கொஞ்சம் எட்டவில்லை. ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. பறவை மேலிருந்துதானே வரும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு டம்ளர் டீயோடு உட்கார்ந்து அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது மரங்கொத்தி வந்தது. மரத்தை ஒரு சுற்று சுற்றியது. மேலே முட்டிப் பார்த்தது. பக்கத்தில் முட்டிப் பார்த்தது. நான் சிரித்துக்கொண்டே டீயை உறிஞ்சினேன். அது அடிமரத்தில் உட்கார்ந்து, பட்டையைப் பிடித்துக்கொண்டு, படியேறுகிற மாதிரி டக் டக்கென்று மேலே ஏறி, அந்த ஒரு கை இடைவெளி வழியாக உள்ளே போய்விட்டது.

என் திட்டத்தில் பறவை வெளியே இருந்தது.

உள்ளே போனதும் அதற்கும் அது புரிந்துவிட்டது. கீச்சென்று ஒரு அலறல். இறக்கையை அடித்துக்கொண்டு பெரிய கிளைப் பக்கம் பாய்ந்தது. இரண்டு சுற்று வலையில் கழுத்தும் காலும் சிக்கித் தலைகீழாகத் தொங்கியது. சத்தம் கேட்டு, கையில் பாதி உரசிய மீனோடு அம்மா வெளியே வந்தாள். பறவையைப் பார்த்தாள். பிறகு வலையைப் பார்த்தாள். கையிலிருந்த மீன் கீழே விழுந்தது.

"அடிப்பாவி. இது புது வலைடி!"

"இல்லம்மா. புதுசு நீலமா கொட்டாயில கீது."

"அது வீணாப்போன வலைடி! வாங்கின மறுநாளே கண்ணி சரியில்லன்னு மூலையில போட்டாரு. அதத்தான் பழசுன்னுவாரு. இதுதான் புதுசு. உனக்கு மொட்ட போட்ட வருசம் வாங்கினாரு!"

எனக்கு மொட்டை போட்டது நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது.

தூரத்தில் ஏரியைப் பார்த்தேன். கரையோரச் சேறு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. வற்ற வேண்டிய தண்ணீர் பெரும்பாலும் வற்றிவிட்டது. இனி நிற்கும், பிறகு திரும்பும். நான் ஒரு முடிச்சில் கை வைத்தேன். அசையவில்லை. இன்னொன்றில் கை வைத்தேன். அது இன்னும் கொஞ்சம் இறுகியது. (நைனா நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்.)

நைனாவிடம் போன் கிடையாது. சித்தப்பாவுக்குப் போட்டேன். ஏரிக்காற்று இரைச்சலில் அவர் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"சித்தப்பா, நைனா எங்க?"

"படகாண்ட. இன்னாமா?"

"உடனே அனுப்பு. வலையில மரங்கொத்தி மாட்டிக்கிச்சு!"

"இன்னா? வலையில இன்னா மாட்டிக்கிச்சு? காத்துல ஒண்ணும் கேக்கல."

"பெருசு சித்தப்பா! முதுகு அப்டியே தங்கமா மின்னுது. இன்னும் உசுரோட துடிக்குது. காயம் படாம எடுக்கணும், சீக்கிரம் வாங்க!"

சித்தப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாராண்டயும் மூச்சு விடாத. தோ வந்துட்டோம்" என்றார்.

(யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொன்னது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டு.)

எங்கள் கரையில் முதுகு தங்கமாக மின்னி, காயம் படாமல் எடுக்க வேண்டியது என்றால் அது ஒன்றே ஒன்றுதான்: கூறல் மீன். அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பைக்காக வெளிநாட்டுக்காரர்கள் அடித்துக்கொள்வார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு கூறல் கிடைத்தவர் வீட்டுக்கு மாடி வந்த கதைகள் எல்லாக் கரையிலும் உண்டு. அது கடல் மீனாயிற்றே, எங்கள் வீட்டுக்குப் பின்னால் முழங்கால் அளவு ஓடையில் எப்படி வரும் என்று டீக்கடையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அண்ணி ஓடையில் வலை போட்டிருப்பாங்க என்று சித்தப்பா முடிவு செய்துவிட்டார். மற்றவர்களும் அதையே முடிவு செய்துகொண்டு எழுந்தார்கள்.

முதலில் சித்தப்பா வந்தார். அவர் பின்னாலேயே தேசிங்கு மாமா. அவர் பின்னால் ஒரு சின்ன ஊர்வலம். அதை ஓரங்கட்டிக்கொண்டு, ஐஸ் பெட்டி கட்டிய மொபெட்டில் காதர் பாய் வந்து இறங்கினார். பழவேற்காட்டிலிருந்து தினமும் எங்கள் ஊருக்கு இறால் எடுக்க வருகிறவர். நிதானமான மனிதர். அன்றைக்கு மட்டும் ஸ்டாண்டு போட மறந்து வண்டியைச் சாய்த்துவிட்டார்.

"எங்கமா? எங்க?" என்றார் சித்தப்பா.

நான் மரத்தைக் காட்டினேன்.

"மரத்துல இன்னாத்துக்கு ஏத்தி வச்ச? ஓடையிலயே உட்டு வைக்கறதுதானே!"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த மரங்கொத்தி அத்தனை முகங்களைப் பார்த்ததும் கத்துவதை நிறுத்தியது. அதுவும் பார்த்தது. ஐஸ் பெட்டியைக் கீழே வைத்த காதர் பாய், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இதுக்கு ஐஸு தேவப்படாதும்மா" என்றார்.

சிரிப்பு வெடித்தது. ஒருவர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அந்த ஓடையிலேயே முழுகிவிடலாம் போலிருந்தது. முழங்கால் அளவு தண்ணீர் என்பதால் அதற்கும் வாய்ப்பில்லை. அப்போது தேசிங்கு மாமா சிரிப்பதை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"அது... மச்சானோட புது வலை ஆச்சே?"

சிரிப்பு அறுந்து விழுந்தது. எல்லோரும் ஒரே மாதிரி திரும்பி ஏரியைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் நைனா நடந்து வந்தார். நைனா எதற்கும் ஓட மாட்டார். கூட்டம் விலகி வழிவிட்டது. மரத்தைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ பழசுன்ன நைனா. இதான் பழசா இருந்திச்சு." என்றேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்தில் போய் முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்தார். "கட்டு நல்லாத்தான் கீது" என்றார். பாராட்டு மாதிரியும் இருந்தது, தண்டனை மாதிரியும் இருந்தது.

"நீல வலைய எடுத்துக்கினு போலாமே நைனா?"

"அதுல இறாலு சிரிச்சிக்கினே வெளிய போவும்."

"வலைய அறுத்துடலாம்ணா" என்றார் சித்தப்பா.

"அறுத்துட்டு? பாட்டுல இன்னாத்தக் கட்டறது, என் வேட்டியவா?"

"அவுத்துப் பாக்கலாம்."

"பொழுது சாஞ்சிரும். தண்ணி இப்ப நின்னுரும்."

யோசித்தேன். வலையை அறுக்கக் கூடாது. அவிழ்க்க நேரமில்லை. பறவைக்கு ஏதாவது ஆனால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டும். அதைவிட, அது செத்துப்போவதை என்னால் பார்க்க முடியாது. எத்தனை எண் போட்டாலும் அன்றைக்கு ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. நைனாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வலையின் முறுக்கு அத்தனையும் அந்தப் பெரிய கிளையில்தான் இருந்தது. கிளையை அடியோடு வெட்டிச் சாய்த்தால், கொப்புகளைக் கழித்துவிட்டு, வலையை அப்படியே உறை மாதிரி உருவிவிடலாம்.

ஆனால் அவர் கத்தியைக் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். கிளை முழுக்கப் பிஞ்சு. பச்சைக் குண்டுமணி மாதிரி கொத்துக்கொத்தாக. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்துத் தேசிங்கு மாமா பின்பக்கமாகவே ஒரு அடி எடுத்து வைத்தார். அப்புறம் இன்னொரு அடி. அவரைக் குறை சொல்ல முடியாது, நைனாவால் முடியாவிட்டால் பாடு அவருடையது. அவர் கை வேலிப்படலைத் தொட்டுவிட்டது.

அம்மா திரும்பாமலே சொன்னாள். "வெட்டுங்க." அதே மூச்சில், "தேசிங்கண்ணே, எங்க கெளம்பிட்ட? இரு, டீ போடறேன்."

"வேணாம்மா, அப்பால வந்து..."

"அண்ணன்காரன் ஊட்டாண்ட வந்து வாய் நனைக்காம போனா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? உக்காரு. நல்ல நாளுலயா வர? எதோ கூறல்னு சொன்னதுக்காவது வந்தியே."

கடைசி வரி அவரைக் கட்டிப்போட்டது. உட்கார்ந்தார்.

பறவையை முதலில் எடுக்க வேண்டும். அது என் வேலை என்று யாரும் சொல்லவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் பிரிப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஸ்டூல் மேல் ஏறினேன். துண்டால் அதன் தலையை மூடினேன். துண்டுக்குள் அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டது. என்னுடையதைவிடக் கொஞ்சம்தான் வேகம். காலை விடுவித்தேன். இறக்கையை விடுவித்தேன். கழுத்தில் கடைசிக் கண்ணியை நீக்குவதற்காகத் துண்டை விலக்கினேன். அது என்னை நேருக்கு நேர் பார்த்து, நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் நடுவில், ஒரே ஒரு கொத்து கொத்திவிட்டுப் பறந்தது.

(ஆத்திரத்தில் கொத்தியதாக எல்லோரும் சொல்கிறார்கள். பரிசோதித்துப் பார்த்தது என்று நான் நினைக்கிறேன். உள்ளே காலியாக இருந்தால் சத்தம் வேறு மாதிரி வருமாம்.)

பிறகு கத்தி. நைனா ஐந்தாறு வெட்டில் கிளையைச் சாய்த்தார். அது விழுந்த சத்தத்துக்கு, உள்ளே டீ வடிகட்டிக்கொண்டிருந்த அம்மா வெளியே வரவில்லை. நானும் சித்தப்பாவும் கொப்புகளைக் கழித்தோம். வலை மெதுவாக உருவிக்கொண்டு வந்தது. பாதியில் ஒரு இடத்தில் நின்றது. நைனா பல்லால் ஒரு முடிச்சைக் கடித்து இழுத்தார். வந்துவிட்டது. இலையும் குச்சியும் பிஞ்சுமாக அதை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஓடினார்கள். ஆமாம், நைனா ஓடினார். நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

தேசிங்கு மாமாவும் எழுந்தார். சரியாக அப்போது அம்மா வந்தாள். 'சின்ன டம்ளர்' என்று நாங்கள் அழைக்கும், அரை லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் டம்ளர். விளிம்பு வரை டீ. கொதித்துக்கொண்டிருந்தது.

"ஊதிக் குடிண்ணே. முறுக்கு எடுத்தாறவா?"

மாமா ஊதினார். ஏரியைப் பார்த்தார். ஊதினார். தங்கச்சி கொடுத்ததைக் கீழே வைத்துவிட்டும் போக முடியாது. அவர் முகத்தில் எத்தனை கணக்கு ஓடியது என்று எனக்குத் தெரிந்தது. அது என் துறை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு, கண்ணில் நீர் வர, "நல்... நல்லாகீதும்மா" என்று சொல்லிவிட்டுக் கரைக்கு விரைந்தார். ஊர்வலமும் பின்னாலேயே போனது.

நானும் அம்மாவும் கரையில் நின்றோம். நெற்றியில் வைத்திருந்த துணியில் ரத்தம் ஊறியிருந்தது. வலி உறைக்கவில்லை. எங்கள் படகு கொக்குமேட்டுக்குப் பாதி தூரத்தில் இருந்தது. நைனாவும் சித்தப்பாவும் மாறிமாறிக் கழியை ஊன்றித் தள்ளுவது சின்னதாகத் தெரிந்தது. இந்தப் பக்கம் தேசிங்கு மாமாவின் இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டுக் கிளம்பியது.

கரையோரத்தில் ஒரு தேங்காய் மட்டை மிதந்துகொண்டிருந்தது. வற்றும் தண்ணீரோடு மெல்ல வெளியே போய்க்கொண்டிருந்த அது, நின்றது. நான் அதையே பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். இன்ஜின் படகு இடைவெளியைத் தின்றுகொண்டே போனது. மட்டை அசையாமல் நின்றது. அப்புறம், யாரோ விரலால் தொட்ட மாதிரி, அதன் ஒரு நுனி எங்கள் பக்கம் திரும்ப ஆரம்பித்தது.

"நட்டுட்டாரு!" என்று அம்மா கத்தினாள்.

தூரத்தில், தண்ணீருக்கு மேலே, நேராக ஒரு கோடு. கழி. அதன் பக்கத்தில் நைனா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு துண்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். தேசிங்கு மாமாவின் இன்ஜின் சத்தம் தணிந்தது. படகு ஒரு பெரிய வட்டம் அடித்துத் திரும்பியது.

கரையேறிய மாமா நேராக அம்மாவிடம் வந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். "நாக்கு வெந்துபோச்சும்மா" என்றார். "அந்த முறுக்கு இன்னா ஆச்சு?"

அன்றைக்கு நல்ல இறால் விழுந்தது. முதல் தடவை வலையைத் தூக்கியபோது வந்ததில் பாதி மாவிலை என்று சித்தப்பா சொல்கிறார்; கால்வாசிதான் என்பது என் கணிப்பு. இன்ஜின் வீட்டுக்கு வந்துவிட்டது.

வெட்டிய கிளையை மறுநாள் நான் உட்கார்ந்து பரிசோதித்தேன். உள்ளே கட்டைவிரல் பருமனுக்குச் சுரங்கம் சுரங்கமாகத் துளை. அதற்குள் கொழுத்த வெள்ளைப் புழுக்கள். அவை கிளையை உள்ளிருந்து தின்றுகொண்டிருந்தன. மரங்கொத்தி வந்தது அவற்றுக்காகத்தான். அதாவது இத்தனை நாளும் அது பார்த்தது தரக்கட்டுப்பாட்டு வேலை. இந்தக் கிளை தேறாது என்று தினமும் விடிகாலையில் அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தது. நான் அதே துறையில் இருந்துகொண்டு அதைப் படிக்கவில்லை. மரத்தின் மிச்சத்தில் புழு இல்லை. ஒரு பக்கம் மட்டும் தழைத்து, ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி நிற்கிறது. காய்க்கிறது. "மரங்கொத்தி மாசக்கணக்கா கொத்தியும் சாய்க்காத கிளைய என் பொண்ணு ஒரே காலையில சாய்ச்சா" என்று அம்மா, வருகிறவர்களிடமெல்லாம் மடவைக் குழம்போடு சேர்த்துப் பரிமாறுகிறாள்.

என் நெற்றியில் அந்த இடத்தில் ஒரு சின்ன வடு. பொட்டு வைக்கும் இடம் என்பதால் வெளியே தெரியாது. பொட்டு வைக்காத நாளில் காதர் பாய் பார்த்துவிட்டால், "இன்னாம்மா, கூறல் எதனா கீதா?" என்று கேட்டுவிட்டு ஐஸ் பெட்டியைத் தட்டிக் காட்டுவார். நான் கொட்டகையில் இரண்டு வலைக்கும் பெயர் எழுதிய அட்டை கட்டினேன். நைனா மறுக்கவில்லை. புது வலையில் 'புது வலை' என்றும், நீல வலையில் 'மரத்து வலை' என்றும் எழுதச் சொன்னார். இன்றுவரை எந்த மரத்துக்கும் அதைப் போட்டதில்லை.

கோயில் வாசலில் இப்போதும் சீட்டுக் குலுக்குகிறார்கள். ஒவ்வொரு பாடாகப் பெயர் சொல்லி, யாருக்கு விழுந்தது என்று அறிவிப்பார்கள். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் தேசிங்கு மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மிகவும் கவலையான முகத்தோடு கேட்பாராம்: "எல்லாஞ் சரி. மாமரப் பாடு யாருக்கு?"

"மேகலாவுக்கு!" என்று மொத்தக் கூட்டமும் கத்துமாம். நைனாவின் குரல்தான் அதில் உரக்கக் கேட்குமாம்.

மற்ற பாடுகளெல்லாம் முறை வைத்துக் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. அது மட்டும் சீட்டில்லாமலே வருஷா வருஷம் எனக்குத்தான் விழுகிறது.